பூட்டுவதற்கு முன் எரிந்த விளக்கு

மாதவனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் "சாஃப்ட்வேர் ஆளுங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். திருப்பூரில் கம்ப்யூட்டரைத் தொட்டவன் எல்லாருமே சாஃப்ட்வேர் ஆள்தான். பில் போடுகிற பையனும் அதில் சேர்த்தி. நான் அவனோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவன். அவன் புரோகிராம் எழுதுவான், நான் பேனலுக்கு வயர் இழுப்பேன். என் பெயர் அருண்குமார், சேவூர்க்காரன். அவனுக்கு நடந்தது முழுதாகத் தெரிந்தவர்கள் திருப்பூரில் கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம். மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன்.

அவன் அப்பா சுடலை, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே பிழைக்க வந்தவர். வந்ததிலிருந்து காம்பேக்டிங் மெஷின்தான். சாயம் போட்டு வந்த பனியன் துணியை நீராவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தி, தைத்த பிறகு சுருங்காதபடி செய்கிற மெஷின் அது. உருளையின் வாய்க்குத் துணி கோணாமல் போகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். அந்த வேலையில் ரொம்ப நாள் இருந்தவர்கள் யாரைப் பார்த்தாலும் ஏதாவது ஒரு விரலில் நகம் இருக்காது. சுடலையின் கைகள் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அம்மா முத்துப்பேச்சி ஒரு கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு பேர் சம்பளத்தில் மகனை டிப்ளமோ படிக்க வைத்தார்கள்.

படிப்பு முடிந்ததும் மாதவனுக்கு முதலில் கிடைத்தது ஓர் எக்ஸ்போர்ட் ஆபீசில் ஃபாலோ-அப் வேலை. வெளியூர்க்காரர்களுக்கு இந்த வேலை விளங்காது. இங்கே ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழே உருவாவதில்லை. பின்னுவது ஓர் இடம், சாயம் ஓர் இடம், காம்பேக்டிங் ஓர் இடம், பிரிண்டிங் இன்னோர் இடம். எந்த இடத்துக்குப் போன் போட்டாலும் "ஆகட்டுங்க, செஞ்சு போடலாமுங்க" என்றுதான் பதில் வரும். முடியாது என்று சொல்லுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது, மரியாதைக்காரர்கள் பாருங்கள். அந்தப் பதிலை நம்பி வண்டி அனுப்பியவன் வெறும் வண்டியோடு திரும்புவான். ஆகவே முதல் போன் வேலையைச் சொல்வதற்கு, இரண்டாவது போன் வேலை முடிந்ததா என்று கேட்பதற்கு. இரண்டாவது போன் போட மறக்கிறவனுக்கு அந்த வேலையில் இடமில்லை. மாதவன் அதில் படு கெட்டி. சாயப்பட்டறைக்காரர்கள் அவன் நம்பரைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவார்கள்.

பிறகுதான் எங்களிடம் வந்தான். திருமுருகன்பூண்டி போகிற வழியில், சிலை செதுக்குகிற பட்டறைகளுக்கு நடுவே, சுப்பண்ணன் நடத்துகிற பேனல் போர்டு கம்பெனி, மெஷின்களை ஓட்டுகிற ஸ்விட்ச் பெட்டிகள் செய்கிற இடம். காலையிலிருந்து சாயங்காலம் வரை உளிச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து மாதவன் தானாகவே புரோகிராம் எழுதப் படித்துக்கொண்டான். நாங்கள் செய்து விற்ற பெட்டியின் மூளை முழுக்க அவனுடையது.

அந்தப் பெட்டி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். காம்பேக்டிங் மெஷினில் உருளைக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அது இருந்தால் கை உள்ளே போகாது, ஆனால் துணியைத் தொட்டுச் சரிசெய்யவும் முடியாது. ஆகவே எல்லா யூனிட்டிலும் அதைத் தூக்கி ஒரு துணிக்கிழிசலால் கட்டி வைத்திருப்பார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆடிட் வரும் அன்றைக்கு மட்டும் அவிழ்த்து இறக்குவார்கள். ஒருதரம் ஒரு யூனிட்டில் கிழிசலை மறந்துபோய் அப்படியே விட்டு ஆடிட்டில் மாட்டிக்கொண்டபோதுதான் எங்களுக்குக் கேமரா யோசனை வந்தது. உருளைக்கு மேலே ஒரு கேமரா, அதோடு ஒரு பெட்டி. துணியைத் தொடலாம், கை உருளையை ஒட்டி நெருங்கினால் மட்டும் பெட்டி அதைக் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்திவிடும். பெட்டி தயாராகிப் பச்சை விளக்கு எரியும் வரை மெஷின் ஓடாது. தடுப்பைக் கட்டியே வைத்துக்கொள்ளலாம், ஆடிட்டுக்குக் காட்டவும் ஒரு பொருள் இருக்கும். முதலாளிகளுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

உள்ளே இருந்தது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். சுப்பண்ணன் மலிவாகக் கிடைத்ததை வாங்குவார், அதனால் அதில் மெமரி எப்போதும் பற்றாக்குறை. மாதவன் எனக்கு விளக்கியபடியே சொல்கிறேன். மெமரியை ஆபரேட்டிங் சிஸ்டம் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கும். இடம் போதாதபோது, கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கங்களை வெளியே தள்ளிவிடும். வேண்டும்போது புரோகிராம் இருக்கிற கார்டிலிருந்து திரும்ப எடுத்து வரும், ஆனால் அதற்கு நேரமாகும். எங்கள் புரோகிராமில் நாள் முழுக்கச் சும்மா கிடக்கிற பகுதி எது என்றால், கையை அடையாளம் காண்கிற பகுதிதான். கை வந்தால்தானே அதற்கு வேலை? சிஸ்டம் முதலில் வெளியே தள்ளுவதும் அதைத்தான்.

இதற்கு ஒரு வழி உண்டு. "இந்தப் பக்கங்களை மெமரியிலேயே பூட்டி வை, எக்காரணம் கொண்டும் வெளியே தள்ளாதே" என்று புரோகிராம் சிஸ்டத்தைக் கேட்டுக்கொள்ளலாம். மாதவன் முதலில் அப்படித்தான் எழுதினான். பெட்டிக்குக் கரண்ட் வந்ததும் பூட்டச் சொல்லிக் கேட்கும், எல்லாப் பக்கமும் உள்ளே வந்து பூட்டி முடியும் வரை காத்திருக்கும், அதற்குப் பிறகே பச்சை விளக்கு.

சுடலை வேலை பார்த்த யூனிட் கிட்டுசாமி என்பவருடையது. கொமரலிங்கத்தில் நெல் வயல், இங்கே காம்பேக்டிங். மகன் செய்த பெட்டி என்று சுடலை அவரிடம் சொல்லிச் சொல்லியே எங்களுடைய முதல் பெட்டிகளில் ஒன்றை வாங்க வைத்தார். தன் மெஷினிலேயே மாட்டச் சொன்னார். மாட்டிய அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து மெஷின்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, "எம்மவன் பண்ணுனது, பாத்துக்கிடுங்க" என்று கேமராவைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். எனக்கே பொறாமையாக இருந்தது. என் அப்பா நான் இழுத்த வயரை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் கிட்டுசாமி எங்கள் கம்பெனிக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க சுப்பண்ணா, கரண்ட்டு போயி ஜெனரேட்டர் வந்தாலும் உங்க பொட்டி முழிக்கறதுக்குள்ள பொழுது போயிருதுங்க. சூட்டுல நிக்கற துணியில பட்டை பட்டையா மடிப்பு விழுந்து போகுது. பார்ட்டிக்காரன் துணியத் திருப்பி உடறானுங்க."

அவர் சொன்னதும் நிஜம்தான். சூடான மெஷினில் துணி அசையாமல் நின்றால் அழியாத கோடு விழும். சுப்பண்ணன் மாதவனைப் பார்த்தார்.

"கண்ணு, உடனே லைட்டு எரியற மாதிரி ஏதாச்சும் பண்ணு சாமி. இல்லீன்னா எல்லாப் பொட்டியும் திரும்பி வந்துரும்."

மாதவன் கண்டுபிடித்தது அசிங்க்ரனஸ் என்கிற முறை. அந்த முறையில் பூட்டச் சொல்லிக் கேட்டால் சிஸ்டம் காக்க வைக்காது. கோரிக்கையை வாங்கிக்கொண்டு உடனே "சரி" என்று திருப்பி அனுப்பிவிடும். பூட்டுகிற வேலை பின்னால் தன்பாட்டுக்கு நடக்கும். எல்லாம் பூட்டியாயிற்றா என்று நாம்தான் அப்புறம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "சரி" வந்ததும் மஞ்சள் விளக்கு, பூட்டி முடிந்ததும் பச்சை என்று வைக்கலாம் என்றான் மாதவன். சுப்பண்ணன் ஒப்பவில்லை. ரெண்டு கலர் வைத்தால் ஆபரேட்டர் குழம்பிப்போவான், மஞ்சளில் மெஷின் ஓடாதென்றால் கிட்டுசாமிக்கு என்ன லாபம் என்று கேட்டார்.

கடைசியில் அந்த "சரி"யிலேயே பச்சை விளக்கை எரிய விட்டான். நடுவில் இருப்பது ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை, அதற்குள் யார் கையை விடப் போகிறார்கள் என்று நினைத்தான். "சிஸ்டம் என்ன சாயப்பட்டறைக்காரரா, பொய் சொல்றதுக்கு?" என்று என்னிடம் சிரித்தான். சிஸ்டம் பொய் சொல்லவில்லை. கோரிக்கை வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் அது சொன்னது. ஊரில் அத்தனை பேருக்கும் இரண்டாவது போன் போட்டவன், தன் பெட்டிக்குள் அதைப் போடாமல் விட்டுவிட்டான்.

யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. பெட்டியைக் காட்டப் போகிற இடத்தில் முதலில் எங்களை உட்கார வைத்து டீ கொடுப்பார்கள், அது முடிவதற்குள் பெட்டி பூட்டி முடித்திருக்கும். காலையில் மெஷின் சூடேற நேரம் பிடிக்கும், அதற்குள்ளும் முடிந்திருக்கும். சூடான மெஷின், பாதியில் நிற்கிற துணி, அப்போதுதான் வந்த கரண்ட், இந்த மூன்றும் சேருகிற நேரம் மட்டும்தான் ஆபத்து. அந்த நேரத்தில் நல்ல ஆபரேட்டர் எவனும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. துணியில் மடிப்பு விழாமல் இருக்க, மெஷின் எடுத்து ஓடத் தொடங்கும்போதே உருளையின் வாயில் துணியைக் கையால் நீவி விடுவான். சுடலை நல்ல ஆபரேட்டர்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அது நடந்தது. கரண்ட் போனது, ஜெனரேட்டர் வந்தது, பச்சை விளக்கு எரிந்தது. சுடலை விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினார், பார்த்துவிட்டுத்தான் துணியை நீவினார். மெஷின் நின்றது. ஆனால் கை உள்ளே போன பிறகு நின்றது.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரி வராண்டாவில் கிட்டுசாமி எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கல்நெஞ்சுக்காரர் இல்லை, கண் கலங்கித்தான் இருந்தார்.

"எத்தன வருச ஆபரேட்டருங்க. கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாமுங்க. உங்க பொட்டி மட்டும் நிறுத்தலீன்னா முழங்கை வரைக்கும் போயிருக்கும், அது ஒண்ணுதான் புண்ணியம்."

மாதவன் முகம் வெளுத்துப்போயிருந்ததை அப்பாவுக்கு நேர்ந்ததால் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் காலையில் கம்பெனிக்கு வந்து, மேசையில் ஒரு பெட்டியை எடுத்து வைத்து, என்னைக் கேமராவுக்கு முன்னால் ஒரு கையுறையோடு நிற்கச் சொன்னான். கரண்ட் கொடுத்தான். பச்சை எரிந்த உடனே கையுறையை நீட்டினேன். மேசை மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்து, பிறகு நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி நீட்டினேன். சட்டென்று நின்றது. பெட்டியை அணைத்து மறுபடியும் அதையே செய்யச் சொன்னான். அதேதான். நான் கையுறையைக் கீழே போட்டுவிட்டேன், அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"எங்கப்பா வெளக்கப் பாத்துட்டுத்தான் கை வச்சிருக்காரு அருணு," என்றான். "நான்தான் எரிய விட்டேன்."

சுப்பண்ணனிடம் சொன்னோம். பூட்டி முடிந்ததா என்று கேட்ட பிறகே பச்சை எரிகிற மாதிரி மாற்றி, எல்லா யூனிட்டுக்கும் போய் ஏற்றிவிட்டு வரச் சொன்னார். சர்வீஸ் என்று சொன்னால் போதும், வேறு பேச்சு வேண்டாம் என்றும் சொன்னார். போனோம், ஏற்றினோம். விளக்கு தாமதமாக எரிகிறதே என்று கேட்டவர்களிடம் சுப்பண்ணன் புது வெர்ஷன் என்றார். முன்னால் மஞ்சள் விளக்கு வேண்டாம் என்றபோது சொன்ன காரணங்கள் எதுவும் இப்போது அவருக்கு நினைவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

இதற்குள் சுடலை வீடு வந்து சேர்ந்திருந்தார். பார்க்க வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், அவர் ஒரே பதிலைச் சொன்னார். "எங் கவனந்தான் தப்பிட்டு." சொல்லும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் கூனிப்போவார். விரல் போனதைவிட அந்தச் சொல்தான் அவரைத் தின்றுகொண்டிருந்தது. இத்தனை காலம் கீறல் படாமல் வேலை பார்த்தவன் கடைசியில் இப்படிப் புத்தி கெட்டுப்போனேனே என்று ராத்திரியெல்லாம் புலம்புகிறார் என்று மாதவன் சொன்னான். அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, தனியாகப் போக தைரியம் இல்லாமல் என்னையும் கூட்டிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை. முத்துப்பேச்சி தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தார். சுடலை கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். மாதவன் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மெமரி, பக்கம், பூட்டு எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. புரிய வேண்டியது மட்டும் புரிந்தது.

"அப்பம், வெளக்கு எரிஞ்சப்போ பெட்டி தயாரா இல்லையா?"

"இல்லப்பா."

"நான் வெளக்கப் பாத்துட்டுத்தாம்ல கைய வச்சேன்."

"ஆமாப்பா. நீங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான் பண்ணுனது."

சுடலை சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிற்று, துடைக்கவில்லை. ஆனால் அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். தொழிலில் தான் பிசகவில்லை என்பது அவருக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது. மகன் மேல் கோபம் வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

"இத வேற யாருக்குல தெரியும்?"

"முதலாளிக்கு. அருணுக்கு."

"அதோட இருக்கட்டும். கிட்டுசாமி அய்யாட்ட மூச்சு விடப்பிடாது. ஒனக்கு இந்தத் தொழில்ல பேரு போச்சுன்னா போச்சு. எனக்கு இனிமே பேரு இருந்து என்ன பண்ண? எங் கவனம் தப்பிட்டுன்னே இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒங்கம்மாட்டயும் சொல்லாத. தாங்க மாட்டா," என்றார். மாதவன் தலையாட்டினான்.

முத்துப்பேச்சி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தட்டில் சோறு போட்டுப் பிசைந்துகொண்டு வந்தார். சுடலைக்கு இடது கையால் சாப்பிடப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு வேளையும் முத்துப்பேச்சிதான் ஊட்டிவிட்டார். ஒவ்வொரு வேளையும் அதே பாட்டையும் பாடினார். பயமும் துக்கமும் அவருக்கு அப்படித்தான் வெளியே வந்தன.

"மெஷினு எடுக்கும்போது கைய விடலாமா? சின்னப்புள்ளையா நீரு? பெத்த புள்ள ராப்பகலா முழிச்சு ஒரு பெட்டியப் பண்ணி மாட்டி விட்டிருக்கான். அப்படியும் போயி கையக் குடுத்துட்டு வந்து நிக்கீரே, கூறு இருக்கா ஒமக்கு? வாயத் தெறயும்."

சுடலை வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். "எனக்குக் கூறில்லதான்," என்றார். மாதவனைப் பார்க்கவில்லை.

"இவன் முகத்தப் பாரும். ஒம்மாலதான் இவன் சோறு தண்ணி இல்லாம கெடக்கான். அப்பனுக்கு இப்படி ஆயிட்டேன்னு."

"ஆமா. என்னாலதான்."

"எம்மா," என்றான் மாதவன்.

"ஏலே, சும்மா இருல!" சுடலை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

"எம்மா, அப்பா மேல தப்பில்ல. பெட்டி சரியில்ல. வெளக்கு எரியக் கூடாத நேரத்துல எரிஞ்சிது. அதுக்கு நான்தான் காரணம்."

முத்துப்பேச்சியின் கை சோற்றோடு அப்படியே நின்றது. மகனைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார். சுடலை கட்டுப் போட்ட கையைத் தலையணைக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது போதும், மகன் சொன்னது நிஜம் என்று முத்துப்பேச்சிக்குத் தெரிந்துவிட்டது. எடுத்த கவளத்தைப் புருஷன் வாயில் வைத்தார். அடுத்ததையும் வைத்தார். தட்டு காலியாகும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் துடைத்துவிட்டு எழுந்து, தட்டைக் கழுவப் போனார். போகிற வழியில் என்னிடம் மட்டும், "தம்பி, சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார்.

மறுநாளே மாதவன் கிட்டுசாமியிடமும் போய்ச் சொன்னான். அவர் நம்பவில்லை. அப்பனைக் காப்பாற்ற மகன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான் என்று எடுத்துக்கொண்டு, "நல்ல மனசுங்க தம்பி உங்களுக்கு," என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். யூனிட்டில் இன்றைக்கும் சுடலை கவனமில்லாமல் கையைக் கொடுத்த ஆள்தான்.

மாதவன் எங்கள் கம்பெனியை விட்டுப் போய்விட்டான். இப்போது ஒரு ஸ்கூலில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறான். மெஷின் பக்கமே போவதில்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், ஆள் பாதியாகிவிட்டான். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். அப்பா இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார், அம்மா வேலைக்குப் போகிறார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றான். பஸ் வந்தது. ஏறப் போனவன் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மா இன்னிவரைக்கும் என்னை ஒரு வார்த்தை திட்டல அருணு. அப்பாவ அவ்ளோ திட்டுனவங்க. காலைல டிபன் கட்டித் தராங்க, சட்டை தோச்சு வெக்கிறாங்க, எல்லாம் செய்றாங்க. ஒருதரம் திட்டிட்டா போதும், நான் நிம்மதியாத் தூங்கிருவேன்."